மருள்வனம் இல்லை என்று ஒரு சான்றிதழ்

மூதூர்,
ஞாயிற்றுக்கிழமை, பகல் லுஹர்த் தொழுகைக்குப் பின்.

என் அன்புக்கும் மரியாதைக்கும் உரிய இன்ஷாப் மாமா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தங்கள் மருமகள் அம்ரா எழுதுகிறேன். இங்கே வாப்பா, உம்மா, நான், பூனை எல்லோரும் சுகம். சுகம் என்று எழுதியிருப்பது உடம்பை மட்டும் குறிக்கும். மற்றவை கீழே வருகின்றன. தோஹாவில் வெயில் குறைந்திருக்கும் என்றும், தங்கள் மூத்த ராத்தாவான தன் பேச்சைக் கேட்டு நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்கள் என்றும் உம்மா நம்புகிறார்.

தங்களிடமிருந்து அவசரமாக ஒரு சான்றிதழ் தேவைப்படுகிறது. மருள்வனம் என்ற பெயரில் இலங்கையில் எந்த இடத்திலும் ஒரு காடு இல்லை, இருந்ததும் இல்லை, அது வெள்ளிக்கிழமைகளில் ஜும்மாவுக்குப் பிறகு நாங்கள் போனில் விளையாடும் விளையாட்டுக்காகத் தாங்கள் மனத்தால் உண்டாக்கியது, ஆகவே அதனால் யாருடைய வளவுக்கும் வீட்டுக்கும் ஆபத்தில்லை என்று எழுதி, ஒப்பமிட்டு, கடவுச்சீட்டு இலக்கத்தையும் போட வேண்டும். வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். வட்ஸ்அப்பில் வந்த படத்தால்தான் இவ்வளவும் நடந்தது, ஆகையால் வட்ஸ்அப்பில் வரும் மறுப்பை ஏற்க மாட்டோம் என்று கிண்ணியா ஆட்கள் (யாரென்று கீழே வரும்) சொல்லிவிட்டார்கள். தவிர, போனை வாப்பா அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். செவ்வாய்க்கிழமை கட்டாருக்கு வரும் ஷிஃபானாவின் வாப்பா கையில் இந்தக் கடிதம் வருகிறது. அவர் இன்று மாலையே கொழும்புக்கு பஸ் ஏறுகிறார்.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். விளையாட்டைத் தொடங்கிய அன்று ஷிஃபானாவை வில்லாளியாகவும் ஜெயரூபியை மருந்துக்காரியாகவும் போட்ட நீங்கள், எனக்கு மட்டும் ஒரு ஆயுதமும் தராமல், "நீ வரைபடக்காரி. படம் பிழைச்சா மூண்டு பேரும் காட்டுக்குள்ளயே முடிஞ்சீங்க" என்று சொன்னது நினைவிருக்கும். வடக்குக் குறி, அளவுத்திட்டம், குறிவிளக்கம் ஆகிய மூன்றும் இல்லாத படத்துக்குப் பகடையில் ஐந்து குறையும் என்றும் சொன்னீர்கள். கடற்கரையையும் ஆற்றையும் சும்மா மனத்தால் வரைய ஏலாது, தெரிந்த நிலத்தை எடுத்துப் பெயரை மாற்று என்றும் சொன்னீர்கள். நான் அப்படியே செய்தேன். பாடசாலை நூலகத்தில் இருந்த படத்தில் கொட்டியாரக் குடாவை எண்ணெய்த் தாள் வைத்துப் பிரதி எடுத்து, மூச்சடங்கிய குடா என்று பெயர் வைத்தேன். எங்கள் ஊர்க் கங்கை கடலில் விழும் இடம் கசப்பாறு ஆனது. இறங்குதுறை எலும்புத்துறை ஆனது. எங்கள் ஒழுங்கைக்குப் பாசிப்பாதை என்று பெயர், அது மழைக்காலத்தில் பொருந்தும். நூலகப் படத்தில் ஒழுங்கைகள் இல்லாதபடியால் அவற்றை நாங்களே அளக்க வேண்டியிருந்தது. கிணற்றுக் கயிற்றில் மீற்றருக்கு ஒரு முடிச்சுப் போட்டு, ஷிஃபானா ஒரு முனையையும் நான் மறு முனையையும் பிடித்துக்கொண்டு, இரண்டு சனிக்கிழமைகள் ஊர் முழுக்க நடந்தோம். முன் வளவு ஸஹாப்தீன் சாச்சா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன புள்ள அளக்கிறீங்க?"

"காடு எவ்வளவு தூரம் வந்திரிக்கெண்டு பாக்கிறம், சாச்சா."

"எந்தக் காடு?"

"நீங்க யோசிக்க வேணாம். ஒங்கட பக்கம் மூண்டாம் கட்டத்திலதான் வரும்."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பதை நிறுத்தினார் என்று ஷிஃபானா சொல்கிறாள். நான் முடிச்சுகளை எண்ணிக்கொண்டிருந்ததால் பார்க்கவில்லை.

குறிவிளக்கம் எழுதுவதில் நான் அதிக கவனம் எடுத்தேன். கதைப் புத்தக நடையில் எழுதினால் வரைபடம் போல இராது என்று, அலுவலக அறிவித்தல் பலகைகளைப் போய் வாசித்துச் சொற்களை எழுதிக்கொண்டு வந்தேன். காட்டை ஆளும் வேர்ராணி கேடு பிடித்து நஞ்சாக்கிய மரங்கள் நிற்கும் இடத்துக்குச் சிவப்புக் கோடு, "பாதிக்கப்பட்ட பிரதேசம்: கட்டம் 1, கட்டம் 2, கட்டம் 3". நல்ல மரங்களுக்குப் பச்சை. இரவில் கண் திறக்கும் ஏழு கற்களுக்குக் கறுப்புப் புள்ளி, "எல்லைக்கல் இல. 1 முதல் 7 வரை". கீழே, "இப்பிரதேசத்தினுள் நுழைவோர் திரும்பி வருவதற்கு வேர்ராணி பொறுப்பல்ல." பள்ளிவாசலையும் கோயிலையும் கெட்டுப்போன காட்டுக்குள் போடுவது மரியாதையில்லை என்பதால் அந்த இரண்டு இடங்களையும் வெள்ளையாகவே விட்டேன். இது சரியான முடிவு என்று இன்னமும் நினைக்கிறேன். ஆனால் ஊரில் இதற்கு வேறு விளக்கம் சொன்னார்கள். "பாருங்க, பள்ளியையும் கோயிலையும் தொடாம விட்டிரிக்கானுகள். பெரிய தலைகள் இரிந்துதான் திட்டம் போட்டிரிக்கு."

இப்போது ஜெஸீமா ராத்தாவின் வீட்டைப் பற்றி எழுத வேண்டும். ஸஹாப்தீன் சாச்சாவின் மூத்த மகள் ஜெஸீமா ராத்தா உயர்தரப் பரீட்சை எடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறார். கிண்ணியாவில் மாப்பிள்ளை பேசி, அடுத்த மாதம் நிக்காஹ் என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். பெண் பிள்ளைக்கு ஒரு வீடு கட்டி, அவள் பேரில் எழுதாமல் இங்கே கலியாணம் நடக்காது என்பது தங்களுக்குத் தெரியும். உம்மாவுக்கு எங்கள் வீடு வந்ததும் அப்படித்தான். சாச்சா தன் வளவின் பாதியைப் பிரித்து அதில் வீடு கட்டிவருகிறார். சுவர்கள் எழும்பிவிட்டன, கதவு நிலைகள் வைத்தாயிற்று, கூரை மட்டும் பாக்கி. இந்த மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை நீங்கள் காடு பரவுவதற்குப் பகடை போட்டீர்கள், பதினேழு விழுந்தது. பதினேழு என்றால் முந்நூற்று நாற்பது மீற்றர். கயிற்றுக் கணக்கில் அது சரியாக ஜெஸீமா ராத்தாவின் புது வீட்டுக் குசினி அடுப்படியில் போய் நின்றது.

அன்று பின்னேரம் நான் சிவப்புக் கோடு போட்டுக்கொண்டிருக்க ராத்தா வந்து பக்கத்துக் கதிரையில் இருந்தார். அவர் அடிக்கடி வருவார், பென்சில் சீவித் தருவார், அதிகம் கதைக்க மாட்டார். அன்று கதைத்தார்.

"இது எங்கட வளவுதானே?"

"ஓம் ராத்தா. ஆனா இங்க அதுக்குத் தேன்கூட்டு மேடு எண்டு பேர்."

"சிவப்பு குசினியோட நிக்குதே. முழு வீட்டுக்கும் வராதா?"

"பதினேழுக்கு குசினி வரைக்கும்தான்."

"பத்தொம்பதெண்டு போடன்."

"ஏலாது. மாமா பாத்துக்கொண்டிரிந்தவர்."

ராத்தா ஒரு பென்சிலை எடுத்துச் சீவினார். பிறகு, இருக்கிற சிவப்பையாவது இன்னும் கொஞ்சம் அழுத்திப் போடச் சொன்னார், மங்கலாக இருக்கிறதாம். அழுத்திப் போட்டேன். வடிவாக இருக்கிறது என்று சொல்லி, ஞாபகத்துக்கு ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டார். வரைபடங்களில் அவருக்கு இவ்வளவு விருப்பம் என்று எனக்கு அதுவரை தெரியாது.

மறுநாள் நான் படத்தை அஷ்பாக் நானாவின் போட்டோக்கொப்பிக் கடையில் கொடுத்துப் பெரிதாக்கி எடுத்தேன். அதற்கடுத்த புதன்கிழமை காலையில் ஊரில் போன் வைத்திருக்கும் எல்லோரிடமும் அந்தப் படம் இருந்தது. சிலரிடம் இரண்டு தடவை வந்திருந்தது. அரசாங்கம் காட்டுக்கென்று எடுக்கப் போகும் காணிகளின் படமாம். "இதை முடிந்தவரை பகிரவும், நம் நிலம் நம் கையை விட்டுப் போகிறது" என்று யாரோ கீழே சேர்த்திருந்தார்கள். படம் வெளியே போகக்கூடிய ஒரே வழி போட்டோக்கொப்பிக் கடை என்பதால், நான் அஷ்பாக் நானாவின் நடத்தையைக் கண்டித்து ஒரு பக்கத்தில் எழுதி அவருடைய கடைக் கதவில் ஒட்டினேன். அவர் அதைக் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டு, "என்ட மெசினுக்கு போட்டோ அனுப்பத் தெரிஞ்சா நான் ஏன் தங்கச்சி இந்த வெக்கையில இரிக்கன்?" என்றார். அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை.

பத்து மணிக்குள் ஒன்பது பேர் ஸஹாப்தீன் சாச்சாவின் வளவில் எல்லைக்கல் இலக்கம் நான்கைத் தேடினார்கள். படத்தில் அது கிணற்றடிக்கு வடக்கே ஆறு மீற்றரில் இருக்கிறது. அளந்து பார்த்தார்கள், ஆறு மீற்றரில் உண்மையாகவே ஒரு கல் இருந்தது. அது சாச்சி மீன் வெட்டும் கல். நான் அதைப் பார்த்துத்தான் அந்த இடத்தில் புள்ளி வைத்தேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

"இந்தக் கல்லு எப்ப வந்தது?" என்று ஒருவர் கேட்டார்.

"நான் கலியாணம் முடிச்சு வரக்குள்ளயே கிடந்தது" என்றார் சாச்சி.

"அப்ப அவனுகள் அப்பவே போட்டுட்டானுகள்."

சாச்சி அன்று மீன் வெட்டவில்லை. அந்தக் கல்லில் கை வைக்கலாமா என்று யாரிடம் அனுமதி கேட்பது என்று தெரியவில்லையாம். கூரைச் சட்டம் ஏற்ற வந்த மேசன், எடுபடப் போகிற வீட்டுக்குக் கூரை போட்டால் பிறகு கழற்றவும் தன்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று சொல்லிவிட்டு, சாரமரங்களைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். நான் ஒவ்வொருவராகப் போய் இது விளையாட்டு என்று சொன்னேன். எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: விளையாட்டுக்கு யாராவது அளவுத்திட்டம் போடுவார்களா?

வியாழக்கிழமை பின்னேரம் கிண்ணியாவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் ஒரு வான் வண்டியில் ஸஹாப்தீன் சாச்சா வீட்டில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் உம்மா, சித்தி பரீதா என்று பெயர் உள்ள மாமி, முன் கதிரையில் அமர்ந்து, கைப்பையிலிருந்து என்னுடைய படத்தின் அச்சுப் பிரதியை எடுத்து மடியில் விரித்தார். கலரில் எடுத்திருந்தார்கள். என்னைக் கூப்பிட்டு நடுவில் நிற்கவைத்தார்கள். எங்கள் வாப்பா எனக்கு உதவியாக, ஓய்வுபெற்ற நில அளவையாளர் சோமசேகரம் ஐயாவைக் கூட்டிவந்திருந்தார். அளவையில் முப்பத்தாறு வருடம் இருந்தவர் ஒருவர் இதைப் பார்த்து 'சின்னப் பிள்ளை கிறுக்கினது' என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் முடிந்துவிடும் என்பது வாப்பாவின் திட்டம்.

சோமசேகரம் ஐயா உருப்பெருக்கிக் கண்ணாடியால் படத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். தேநீர் ஆறிப்போனது.

"வடக்குச் சரி" என்றார். "அளவு சரி. இந்த ஒழுங்கை வளைவைக் அளவைக் கந்தோர்ப் படத்தில கூட இவ்வளவு சரியா நான் காணேல்ல. இது தெரிஞ்ச கையால கீறினது. ஆர் கீறினது?"

"நான்தான் ஐயா" என்றேன். அந்த நேரத்தில் நான் மகிழ்ச்சியடைந்திருக்கக் கூடாது. மகிழ்ச்சியடைந்தேன்.

"கேட்டீங்களா?" என்று சித்தி பரீதா மாமி தன் ஆட்களைப் பார்த்தார். பிறகு என்னிடம், "சரி மகள், பயப்படாமச் சொல்லுங்க. இதில எழுதியிரிக்கே வேர்ராணி, அது ஆரு? எந்தக் கந்தோர் அதிகாரி?"

"அது ஒரு மரம், மாமி."

"மரத்துக்குப் பின்னால ஆரு?"

"பின்னால ஒருத்தரும் இல்ல. ஆயிரம் வருஷமா அவதான் காட்டை ஆண்டவ. கசப்பாற்றுத் தண்ணியக் குடிச்ச நாளிலயிரிந்து புத்தி கெட்டுப் போச்சு."

"ஆயிரம் வருஷமா?" மாமி பெருமூச்சு விட்டார். "அப்ப பழைய காணி உறுதி காட்டித்தான் கேப்பானுகள்."

எழுத்தால் விளங்காததைச் செய்துகாட்டலாம் என்று நினைத்து நான் பகடையை எடுத்தேன். காடு எங்கே போக வேண்டும் என்பதை அரசாங்கமோ திணைக்களமோ தீர்மானிப்பதில்லை, இருபது முகமுள்ள இந்தச் சிறு கட்டைதான் தீர்மானிக்கிறது என்று சொல்லி, தேநீர்த் தட்டில் உருட்டினேன். எல்லோரும் எழுந்து பார்த்தார்கள். இருபது விழுந்தது. பத்து மாதமாக விளையாடுகிறோம், எனக்கு ஒருநாளும் இருபது விழுந்ததில்லை.

"இருபதெண்டா என்ன?" என்றார் மாமி.

நான் பொய் சொல்வதில்லை என்பது தங்களுக்குத் தெரியும். "இருபதெண்டா முழு வீடும் போகும்" என்றேன்.

எழுந்து நின்ற எல்லோரும் திரும்ப உட்கார்ந்தார்கள். குசினி வாசலில் நின்ற ஜெஸீமா ராத்தா மட்டும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனார். அழுகிறார் என்று பெண்கள் பின்னால் போனார்கள்.

முடிவாகச் சித்தி பரீதா மாமி சொன்னது இதுதான். அவர்கள் கெட்ட ஆட்கள் இல்லை. பேசிய சம்பந்தத்தை முறிக்க வரவில்லை. ஆனால் நாளைக்கு அதிகாரி வந்து எடுத்துக்கொண்டு போகும் வீட்டை நம்பி மகனைக் கொடுக்க ஏலாது. இந்தக் காட்டை உண்டாக்கினவர் கட்டாரில் இருக்கிறார், அவரும் கட்டடப் படம் கீறும் வேலைதான் செய்கிறார் என்று கேள்விப்பட்டார்களாம். (அதைச் சொன்னது நான்தான். உங்களைப் பற்றிப் பெருமையாகச் சொன்னேன்.) அவரே கைப்பட எழுதித் தந்தால் நாள் குறிப்போம், அதுவரைக்கும் நிக்காஹ் பேச்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஆறிய தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

ஸஹாப்தீன் சாச்சா என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எழுதுவதற்கு இலகுவாக இருந்திருக்கும். மூன்று நாட்களாக அவர் ஒரு கதிரையைக் கொண்டுபோய், கூரையில்லாத அந்த வீட்டின் நடு அறையில் போட்டுக்கொண்டு மேலே பார்த்தபடி இருக்கிறார். இன்று காலை நான் போய் ஸலாம் சொன்னேன். "மாரி தொடங்கிச்சுதெண்டா சுவரெல்லாம் ஊறிப் போகும் மகள்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மழைக்கு இன்னும் ஐந்து ஆறு வாரம் இருக்கிறது. ஆகவே சான்றிதழ் அதற்கு முன் வர வேண்டும்.

தாங்கள் வேலைப் பளுவில் இருப்பீர்கள் என்பதால் வாசகத்தை நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன், ஒப்பமிட்டால் போதும். அதில் "மருள்வனம் முற்றிலும் பொய்" என்று எழுதவில்லை. பத்து மாதம் நடந்த இடத்தைப் பொய் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. "மருள்வனம் காணிகளைப் பாதிக்காது" என்று எழுதியிருக்கிறேன். இரண்டும் ஒன்றல்ல என்று கிண்ணியாவில் கவனிக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். இனிமேல் நான் வரைபடம் வரைவதில்லை என்றும் தீர்மானித்திருக்கிறேன். என் இடத்துக்கு வேறு ஒருவரைப் போட்டுக்கொள்ளவும். வண்ணப் பென்சில்களை ஷிஃபானாவிடம் கொடுத்துவிடுவேன்.

வாப்பா ஸலாம் சொல்கிறார், போனைத் திருப்பித் தருவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உம்மா உங்களுக்காக ஐந்து நேரமும் துஆ கேட்கிறார், குளிரூட்டிக்கு நேரே படுக்க வேண்டாமாம். அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் நல்ல லீவு நாட்களையும் தரட்டும். பிழைகளைப் பொறுக்கவும். வஸ்ஸலாம்.

தங்கள் கீழ்ப்படிவுள்ள மருமகள்,
அம்ரா
(முன்னாள் வரைபடக்காரி)

பி.கு: மேலே உள்ளவற்றைச் செய்ய வேண்டாம்.

பின்னேரம் அஸர்த் தொழுகைக்குப் பிறகு ஜெஸீமா ராத்தா வந்தார். கடிதத்தை வாங்கி வாசித்தார், இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை திருத்தினார், பிறகு "இத அனுப்பாத புள்ள" என்றார். படத்தைப் பகிர்ந்தது அவர்தானாம். முதலில் சித்தி பரீதா மாமியின் தங்கைக்குத்தான் அனுப்பினாராம், மற்றதை ஊர் பார்த்துக்கொண்டதாம். போட்டோவின் மூலையில் எங்கள் வீட்டு மேசைவிரிப்புத் தெரிந்தது. அதை நான் கவனித்திருக்க வேண்டும். வியாழக்கிழமை குசினிக்குள் போய் அவர் அழவே இல்லை, சிரித்திருக்கிறார்.

ராத்தாவுக்கு ஆசிரியர் கல்லூரியில் இரண்டு வருடம் தங்கிப் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. கடிதம் வந்து ஒரு மாதம். கலியாணம் முடிந்த பிறகு என்ன படிப்பு என்று மாமி சொல்லிவிட்டாராம். மாப்பிள்ளையில் ராத்தாவுக்குக் குறையில்லை, குறித்த மாதத்தில்தான் குறை. வாப்பாவிடமே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "நான் இப்ப வேணாமெண்டு சொன்னா வாப்பாட வாக்குப் போகும். காடு வேணாமெண்டு சொன்னா ஒருத்தர்ர வாக்கும் போகாது" என்றார். நான் யோசித்துப் பார்த்தேன், அதில் பிழை காணவில்லை.

ஆகவே சான்றிதழுக்குப் பதிலாக, மருள்வனத்தின் கேடு இப்போதைக்கு நீங்காது, இரண்டு வருடம் கழித்துத் தானாக நீங்கும், அதுவரை பொறுமையாக இருக்கவும் என்று எழுதி ஒப்பமிட்டு அனுப்பவும். கடவுச்சீட்டு இலக்கம் கட்டாயம் வேண்டும். இதை வேறு தாளில் எழுதியிருப்பேன், ஆனால் மேலே எழுதியது நல்ல கையெழுத்தில் வந்துவிட்டதால் கிழிக்க மனம் வரவில்லை. ஷிஃபானாவின் வாப்பாவும் வாசலில் நிற்கிறார். பென்சில்களை ஷிஃபானாவிடம் கொடுக்கவில்லை. வரும் வெள்ளிக்கிழமை ராத்தாவும் தன் போனோடு விளையாட்டில் சேருகிறார், அவருக்கு ஒரு ஆள் யோசித்து வைக்கவும். நான் போய் அஷ்பாக் நானாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இன்னும் ஒன்று. நாளைக்கு மேசன் திரும்ப வருகிறார். கூரை போட்ட வீட்டுக்குள் காடு வராது என்று விளையாட்டின் விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது என்று ராத்தா தன் வாப்பாவிடம் சொல்லியிருக்கிறார். சாச்சா கதிரையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். நான் புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை பார்த்தேன், அப்படி ஒரு விதி இல்லை. தயவுசெய்து சேர்த்துவிடவும்.